டீம்ஸ் அழைப்புப் பதிவுகள் 60 நாளில் மறைவது ஏன்?

மைக்ரோசாஃப்ட் டீம்ஸின் மீட்டிங் பாலிசியில் (கூட்டங்களுக்கான விதித்தொகுப்பு) பதிவுகளின் காலாவதியை 365 நாள் என்று வைத்தும், விற்பனைப் பிரிவினர் பதிவுசெய்த அழைப்புகள் இரண்டு மாதத்தில் காணாமல் போவதாகக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் மாற்றியது கூட்டங்களுக்கு மட்டும். இருவர் பேசும் அழைப்புக்குக் காலிங் பாலிசியில் (அழைப்புகளுக்கான விதித்தொகுப்பு) தனி மதிப்பு உண்டு. அதன் இயல்பு 60 நாள். பவர்ஷெல்லில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து நிர்வகிக்கும் கருவி) அந்தப் பிரிவினரின் காலிங் பாலிசியைத் திறந்து, 'கால் ரெக்கார்டிங் எக்ஸ்பைரேஷன் டேஸ்' என்பதை மாற்றுங்கள்.

புதிய மதிப்பு இனி எடுக்கும் பதிவுகளுக்குத்தான். பழையவை பதிவான அன்று விழுந்த தேதியிலேயே அழியும் (பலர் தடுக்கி விழும் இடம் இது). அவற்றைக் காக்க, பதிவெடுத்தவரின் ஒன்டிரைவில் (பதிவுகள் சேரும் இணையச் சேமிப்பகம்) ஒவ்வொரு கோப்பாக விவரப் பகுதியில் தேதியைத் தள்ளிவைக்க வேண்டும். ஏற்கெனவே போனவற்றை அவருடைய ரீசைக்கிள் பின்னில் தேடுங்கள்; சுமார் மூன்று மாதம் அங்கே கிடக்கும். மீட்டெடுத்தால் காலாவதித் தேதியும் நீங்கிவிடும்.

தணிக்கைக்காகக் கட்டாயம் வைத்திருக்க வேண்டியவை என்றால் காலாவதி அமைப்பை நம்பாதீர்கள். பதிவெடுத்தவரே கோப்பை அழிக்கலாம். அவர் வேலையை விட்டுப்போன பின் அவருடைய கணக்கை நீங்கள் நீக்கினால் ஒன்டிரைவும் இயல்பாக 30 நாளில் போகும். மைக்ரோசாஃப்டின் தரவு நிர்வாகத் தளமான பர்வியூவில் ஒன்டிரைவுக்கு ரிடென்ஷன் பாலிசி (கோப்புகளை அழியாமல் வைத்திருக்கும் விதி) போடுங்கள். காலாவதியோடு மோதினால் அதுதான் வெல்லும். அப்படி வைத்திருக்கும் கோப்புகள் சேமிப்பிடம் பிடிக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.