சிங்கத்தைவிடச் சரளைக்கு அஞ்சுங்கள்: நமீபியாவில் பைக் சஃபாரி

கேள்வி: எனக்கு வயது 44. கோவையில் இருக்கிறேன். ஹிமாலயன் 411 ஓட்டுகிறேன், ஒருமுறை லடாக் போய் வந்திருக்கிறேன். அடுத்த ஜூலையில் வழிகாட்டியோடு நமீபியாவில் பைக் சஃபாரி போக ஆசை. பின்சீட்டில் என் மனைவியும் வருவதாகச் சொல்கிறார். பைக்கில் இருந்தபடியே சிங்கம், யானை பார்க்க முடியுமா? ஆபத்து இல்லையா? பணம் கட்டும் முன் அவர்களிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

பதில்: முதலில் சிங்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவுக்குள் பைக்குக்கு அனுமதி கிடையாது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகரிலும் அப்படித்தான். சிங்கத்துக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு தகரக் கதவுகூட இல்லாத வாகனத்தைப் பூங்கா நிர்வாகங்கள் பொதுவாக உள்ளே விடுவதில்லை, விடவும் கூடாது. ஆகவே பயணத் திட்டத்தில் "எட்டோஷா, இரண்டு நாள்" என்று இருந்தால், அந்த இரண்டு நாளும் பைக் ஆண்டர்சன் நுழைவாயிலுக்கு வெளியே உள்ள விடுதியில் நிற்கும். நீங்கள் சஃபாரி வண்டியில் உள்ளே போவீர்கள். இது தெரியாமல் பணம் கட்டி, அங்கே போய் மனம் சுருங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். விளம்பரப் படத்தில் பைக்கும் சிங்கமும் ஒரே ஃப்ரேமுக்குள் இருந்தால், அந்த நிறுவனத்திடம் கூடுதலாக நாலு கேள்வி கேளுங்கள்.

அந்த இரண்டு நாள் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். ஜூலையில் எட்டோஷா காய்ந்து கிடக்கும். சுமார் 4,800 சதுர கிலோமீட்டர் வெள்ளை உப்புப் படுகை. அதன் ஓரத்தில் ஆங்காங்கே நீர்நிலைகள். வேறெங்கும் தண்ணீர் இல்லாததால் மிருகங்கள் நீங்கள் இருக்கும் இடத்துக்கே வரும். பூங்காவுக்குள் இருக்கும் ஒக்காக்குவேயோ முகாமில் இரவு முழுக்க விளக்கு எரியும் நீர்நிலை ஒன்று இருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தால், கருப்புக் காண்டாமிருகம் வந்து தண்ணீர் உறிஞ்சும் சத்தம்கூடக் காதில் விழும்.

அப்படியானால் பைக் எதற்கு? பூங்காக்களுக்கு நடுவே கிடக்கும் நிலத்துக்கு. நமீபியா தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்குக்கும் மேல் பெரிய நாடு. 2023 கணக்கெடுப்பின்படி மக்கள் சுமார் 30 லட்சம்தான். வடமேற்கே டமராலேண்டில் பூங்காவைப் போல வேலியும் இல்லை, நுழைவாயிலும் இல்லை. 1996-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அந்தந்த ஊர் மக்களே காப்பு நிலங்களை அமைத்து, வனவிலங்குகளைப் பராமரித்து, சுற்றுலா வருமானத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஹுவாப், உகாப், ஹோவானிப் ஆற்றுப்படுகைகளில் பாலைவன யானைகள் நடமாடுகின்றன. பைக்கில் இருந்தபடி யானையைப் பார்ப்பது நடக்குமென்றால் இங்கேதான் நடக்கும்.

தெப்பக்காட்டுப் பக்கம் சாலையோரத்தில் யானை நின்று நீங்கள் பைக்கை நிறுத்தியிருக்கலாம். அங்கே காலடியில் தார் இருந்தது, திருப்பிக்கொண்டு போய்விட முடியும். ஆற்று மணலில் 200 கிலோ பைக்கை அவசரமாகத் திருப்பவே முடியாது. அதனால் நல்ல வழிகாட்டி யானையைக் கண்டதும் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளியே எல்லோரையும் நிறுத்துவார். முதல் வேலை, ஒவ்வொரு பைக்கும் வெளியேறும் பக்கம் பார்த்து நிற்கிறதா என்று சரிபார்ப்பது. போட்டோ அதற்குப் பிறகுதான். ஹாரன் கிடையாது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவே எந்தக் காரணத்துக்காகவும் போகக்கூடாது. யானை பாதையை விட்டு நகர ஒரு மணி நேரம் ஆனாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

இனி உண்மையான ஆபத்துக்கு வருகிறேன். அங்கே 'பி' எண் சாலைகள் பெரும்பாலும் தார். 'சி' பெரும்பாலும், 'டி' ஏறக்குறைய முழுக்க, சரளை. நீங்கள் ஓட்டப்போவது அதிகம் இந்தச் சரளைதான். லடாக் அனுபவம் உயரத்துக்கும் குளிருக்கும் உதவும். இதற்கு அவ்வளவாக உதவாது. சக்கரத் தடங்களுக்கு நடுவில் தளர்ந்த ஜல்லி ஒரு வரப்பு போலக் குவிந்திருக்கும். தடத்துக்குள் ஓடும்வரை பைக் ரயில் போலப் போகும். வரப்பைத் தாண்டி அடுத்த தடத்துக்கு மாற நினைக்கும் அந்த இரண்டு நொடியில்தான் பலர் விழுகிறார்கள். சில இடங்களில் சாலை முழுக்கத் தகரக் கூரை போல அலை அலையாக இருக்கும், பல் கிடுகிடுக்கும். ஃபுட்பெக்கில் எழுந்து நின்று, முழங்காலை லேசாக மடக்கி, ஹேண்டில்பாரை இறுக்காமல் பிடித்து, பார்வையைத் தூரத்தில் வையுங்கள். ஃப்ரண்ட் பிரேக்கில் விரல் தானாகப் போகும். அந்தப் பழக்கத்தை மறக்க வேண்டும்.

மணல் வேறு கதை. முதல் பயணத்தில் உகாப் படுகையைக் கடக்கும்போது நான் விழுந்தேன். மொத்தம் முப்பது மீட்டர் மணல்கூட இருக்காது. பயத்தில் ஆக்சிலேட்டரை விட்டேன். முன்சக்கரம் கத்தி போல மணலுக்குள் இறங்கியது, ஹேண்டில்பார் இடப்பக்கம் முறுக்கிக்கொண்டது, கால் பைக்குக்கு அடியில். முழங்கால்வரை வரும் கெட்டியான பூட்ஸ் போட்டிருந்ததால் கணுக்கால் தப்பியது. பின்னால் வந்த வழிகாட்டி என்னைத் திட்டவில்லை. பைக்கைத் தூக்கி நிறுத்தினார், டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், வால்வு மூடியைக் கழற்றிப் புஸ்ஸென்று காற்றை இறக்கினார். உடம்பைப் பின்னால் தள்ளி உட்கார், ஆக்சிலேட்டரை விடாதே, பைக் நெளிந்தால் நெளியட்டும் என்றார். இரண்டாம் முறை அதே இடத்தைக் கடந்துவிட்டேன். அன்றிலிருந்து வழிகாட்டியை எடைபோட எனக்கு ஒரே அளவுகோல்தான்: காலையில் கிளம்பும் முன் ஒவ்வொரு டயரையும் அவரே தொட்டுப் பார்க்கிறாரா?

அடுத்தது பொழுது. ஜூலையில் மாலை ஆறு தாண்டியதும் வெளிச்சம் இறங்கிவிடும். அந்த நேரத்தில்தான் குடு மான்கள் சாலைக்கு வரும். வளர்ந்த ஆண் குடு 200 கிலோவுக்கு மேல் இருக்கும்; ஆளுயர வேலியை நின்ற இடத்திலிருந்தே தாண்டும். புதருக்குள் நிற்பது தெரியவே தெரியாது. காரில் மோதினாலே உயிர்ச்சேதம் ஆகிற மிருகம் அது. பைக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நமீபியாவில் ஊருக்கு வெளியே இரவில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பல வாடகை ஒப்பந்தங்களில் எழுதியிருப்பது இதனால்தான். ஐந்து மணிக்குள் விடுதிக்குப் போய்ச் சேராத திட்டத்தை ஏற்காதீர்கள். ஒரு நாளைக்கு 250, 300 கிலோமீட்டர் சரளை என்பதே நிறைய. 450 என்று போட்டிருந்தால் அது இருட்டில்தான் முடியும்.

ஆக, நீங்கள் கேட்க வேண்டியவை. குழுவில் எத்தனை பைக்? எட்டு, பத்துக்கு மேல் என்றால் நான் போகமாட்டேன். கடைசியில் ஒரு வண்டி வருகிறதா, அதில் உதிரி பைக், பெட்ரோல், முதலுதவி தெரிந்த ஆள் உண்டா? சாட்டிலைட் போன் இருக்கிறதா? டமராலேண்டின் பெரும்பகுதியில் மொபைல் சிக்னல் கிடையாது. கால் உடைந்தால் எந்த ஊருக்கு, எதில் கொண்டு போவார்கள் என்று நேராகக் கேளுங்கள். உடனே பதில் வந்தால் அவர்கள் அதை யோசித்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். சாலைச் சந்திப்புகளில் வழி தவறாமல் இருக்க என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். நல்ல குழுக்களில், திருப்பம் வந்தால் வழிகாட்டிக்கு அடுத்து வருபவர் அங்கேயே நின்று கைகாட்டுவார். கடைசி வண்டி வந்த பிறகுதான் நகர்வார். இதனால் ஒவ்வொருவரும் முன்னால் போகிறவரின் புழுதி அடங்கும்வரை இடைவெளி விட்டு ஓட்ட முடியும். புழுதிக்குள் ஒட்டிக்கொண்டு ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதுதான்.

பைக்கைப் பொறுத்தவரை பெரிதை ஆசைப்படாதீர்கள். பி.எம்.டபிள்யூ.வின் பெரிய பைக்கான ஆர் 1250 ஜி.எஸ். 249 கிலோ. உங்கள் ஹிமாலயன் 199 கிலோ, சீட் உயரம் 800 மில்லிமீட்டர். இரண்டு காலும் தரையில் படுகிற பைக்கே மணலில் உங்களைக் காப்பாற்றும். நடுத்தர பைக் இருந்தால் அதைக் கேளுங்கள். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அது நமக்கு வசதி.

காகித வேலைகள் கொஞ்சம்தான், ஆனால் ஒன்றும் விடக்கூடாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கும்போது இருசக்கர வாகனப் பிரிவு அதில் பதிவாகியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். அது ஓராண்டுதான் செல்லும். பயணக் காப்பீட்டில் பைக் ஓட்டுவதும், அதன் இன்ஜின் சி.சி.யும், மண்சாலையும் அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். பல பாலிசிகளில் இந்த மூன்றில் ஒன்று விலக்கப்பட்டிருக்கும். நமீபியா மஞ்சள் காய்ச்சல் நாடு அல்ல. கென்யா, உகாண்டா என்று பயணத்தை நீட்டினால் குறைந்தது 10 நாள் முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். எட்டோஷாவும் அதற்கு வடக்கும் மலேரியா பகுதி. ஜூலையில் அபாயம் குறைவு என்றாலும் மருத்துவரைக் கேளுங்கள். மலேரியா தடுப்புக்கு அவர் டாக்ஸிசைக்ளின் மாத்திரை தந்தால், வெயில் பட்ட தோல் எளிதில் வெந்துபோகும். கழுத்தையும் மணிக்கட்டையும் மூடியே ஓட்டுங்கள். விடியலில் விரல் விறைக்கும் குளிர், மதியம் நல்ல வெயில், ஆகவே ஒரே தடித்த ஜாக்கெட்டை விட அடுக்கடுக்கான உடை நல்லது. காற்று அவ்வளவு வறட்சி, வியர்த்ததே தெரியாது. முதுகில் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பை கட்டாயம்.

கடைசியாக உங்கள் மனைவி. பின்சீட்டில் ஆள் இருந்தால் எழுந்து நின்று ஓட்டுவதும், எடையைப் பின்னால் தள்ளுவதும் மிகக் கடினம். விழுந்தால் இருவருக்கும் அடி. தார்ச் சாலையிலும் நல்ல சரளையிலும் அவர் உங்களோடு வரலாம். மணல் வரும் நாட்களில் பின்னால் வரும் வண்டியில் வரட்டும். அதற்கு முன், இப்போதிலிருந்தே மாதம் இரண்டு ஞாயிறு மண்சாலையில் நின்றபடி பத்துப் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பழகுங்கள். தொடை நடுக்கம் நின்ற பிறகு ஒருநாள் அவரையும் ஏற்றிக்கொண்டு அதே சாலையில் போய்வாருங்கள். பின்சீட்டா, வண்டியா என்பதை அன்று அவரே சொல்லட்டும். எப்படியிருந்தாலும் முன்பணம் கட்டும்போதே அந்த வண்டியில் ஓர் இடத்தை அவர் பெயரில் எழுதி வாங்கிவிடுங்கள்.