இடுப்பு மூட்டு அறுவைக்கு முன்னும் பின்னும் கேள்வித்தாள் எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றப்போகிறார்கள். வலி, நடை, மாடிப்படி என்று ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். எக்ஸ்ரே போதாதா? நானே நிரப்பிக் கொடுத்துவிடலாமா?

தயவுசெய்து நீங்கள் நிரப்பாதீர்கள். என் அம்மாவுக்காக நான் அதைத்தான் செய்தேன்.

நாங்கள் இங்கிலாந்தில் இருக்கிறோம். இங்கே 2009 முதல், அரசு செலவில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொள்பவர்களிடம் அறுவைக்கு முன் ஒரு முறையும் 6 மாதம் கழித்து ஒரு முறையும் இந்தக் கேள்விகளைக் கேட்கிறார்கள். அதில் முக்கியமானது 'ஆக்ஸ்ஃபோர்டு ஹிப் ஸ்கோர்'. மொத்தம் 12 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். 48 வந்தால் மூட்டால் எந்தத் தொல்லையும் இல்லை என்று பொருள். குளித்துத் துவட்ட முடிகிறதா, காலுறை மாட்ட முடிகிறதா, சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழும்போது எவ்வளவு வலிக்கிறது என்று எல்லாமே அன்றாட வாழ்க்கையைப் பற்றியவை.

அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் படித்தேன். "லேசான வலிதான், அப்படியே போடு" என்றார். நின்றுகொண்டிருந்தவர் சமையல் மேடை விளிம்பை ஒரு கையால் பிடித்திருந்ததைப் பார்த்தும் நான் மறுத்துக் கேட்கவில்லை. இரவில் படுக்கையில் வலி உண்டா என்ற கேள்விக்கு, அவரைக் கேட்காமலே 'சில இரவுகள்' என்று குறித்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து வந்த படிவத்தை அம்மாவே நிரப்பினார். அதே கேள்விக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டு, "அப்போது ஒரு ராத்திரிகூட நான் தூங்கவில்லையே" என்றார். கீழ் அறையில் நாற்காலியில் உட்கார்ந்தே விடிய வைத்திருக்கிறார். மாடியில் தூங்கிய எனக்கு அது தெரியவே தெரியாது. 'எல்லா இரவும்' என்பதற்கு 0, 'சில இரவுகள்' என்பதற்கு 2, 'ஓர் இரவும் இல்லை' என்பதற்கு 4. அவர் அடைந்த நிம்மதியில் பாதியை என் பேனா அழித்துவிட்டது.

இதில் பார்ப்பது பின்னால் வரும் எண்ணை மட்டும் அல்ல, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. நோயாளிகளின் வயது, உடல்நிலை ஆகியவற்றையும் கணக்கில் எடுத்து, அந்த வித்தியாசத்தை வைத்தே மருத்துவமனைகளை ஒப்பிடுகிறார்கள். முதல் படிவம் பொய்யானால் இரண்டாவதற்கு மதிப்பில்லை.

எக்ஸ்ரே வேண்டியதுதான். பொருத்திய மூட்டு சரியான இடத்தில் இருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று அது காட்டும். தூக்கத்தைக் காட்டாது. இடுப்பு மூட்டை மதிப்பிட 1969இல் வந்த ஹாரிஸ் அளவுகோலை மருத்துவர் பரிசோதித்து நிரப்புவார். 1996இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு அளவுகோல் நோயாளியே பதில் சொல்வதற்காக உருவாக்கப்பட்டது. மருத்துவருக்கு எதிரே உட்கார்ந்தால் நம் பெரியவர்கள் "பரவாயில்லை டாக்டர்" என்றுதானே சொல்வார்கள்!

ஒரு குறை உண்டு. தரையில் சம்மணமிடுவது பற்றி அந்த 12இல் கேள்வி இல்லை. அப்பாவுக்கு அந்தப் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

கண் தெரியவில்லை என்றால் கேள்வியைப் படித்துக் காட்டுங்கள். குறியை அவரே போடட்டும். கடந்த 4 வாரங்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்பதை நினைவுபடுத்துங்கள். மாத்திரை போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்து வலியை மட்டும் நினைத்துப் பதில் சொல்லிவிடப் போகிறார்.