எம்.எஸ். நோயும் சிகரெட்டும்: அல்சூரில் கேட்ட கேள்விகள்

மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை உடம்பின் எதிர்ப்பு சக்தியே தாக்கும் நோய் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். அது உள்ள தமிழ்க் குடும்பங்கள் சில, ஞாயிறு காலை பெங்களூரு அல்சூரில் கூடினோம். நரம்பு நோயாளிகளுக்குப் பதினாறு வருடமாக பிசியோதெரபி கொடுப்பதால் பதில் சொல்லும் வேலை எனக்கு வந்தது. பாதிக் கேள்விகள் சிகரெட்டைப் பற்றியவை.

ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் தம்பி: மேடம், நோய்தான் வந்தாச்சே. இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?

நிறைய ஆகும் தம்பி. எம்.எஸ். பெரும்பாலும் அட்டாக், அதாவது நோய் திடீரென்று தீவிரமாவது, வருவதும் தணிவதுமாகத்தான் தொடங்கும். வருடங்கள் போனபின் பலருக்கு, அட்டாக் இல்லாமலே நடை கொஞ்சங்கொஞ்சமாகக் குறையும் கட்டம் வரும். நாங்கள் பயப்படுவது அதற்குத்தான். நோய் தெரியவந்தபோது புகைத்துக்கொண்டிருந்த 728 பேரின் விவரங்களை ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அலசி 2015இல் வெளியிட்டார்கள். நோய் தெரிந்த பிறகும் புகைத்த ஒவ்வொரு வருடமும் அந்தக் கட்டத்தை 4.7 சதவீதம் விரைவுபடுத்தியது. விடாதவர்கள் 48 வயதில் அங்கே போனார்கள், விட்டவர்கள் 56இல். விட்டவர்கள் மற்றபடியும் உடம்பைப் பார்த்துக்கொண்டவர்களாக இருந்திருக்கலாம். அதனால் எட்டு வருடத்தையும் சிகரெட்டின் கணக்கில் எழுதமாட்டேன். பாதிதான் என்று வையுங்கள். உங்கள் பெண்ணுக்கு இரண்டு வயது என்றீர்கள். இன்னும் நான்கு வருடம் அவளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறலாம்.

சிவாஜிநகர் அக்கா: வீட்டுக்காரர் எம்.எஸ்.ஸுக்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கறார். ஊசி பார்த்துக்கும்னு தம் அடிக்கிறார்.

அந்த ஊசியையே சிகரெட் கெடுக்கும் அக்கா. மருந்தை முறிக்கும் ஆன்டிபாடி புகைப்பவர்கள் உடம்பில்தான் அதிகம் உண்டாகிறது. நேட்டாலிசுமாப் என்ற இன்னொரு எம்.எஸ். மருந்திலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். அவர் விரல் மரத்திருக்கிறது என்றும் சொன்னீர்கள், எனக்கு அதுதான் அதிகக் கவலை. பயிற்சிக்கு வந்த ஒருவரின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கொப்புளம் உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. சிகரெட் அடிவரை எரிந்து சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. நான் விரலைப் பிடித்துக் காட்டிய பிறகுதான் பார்த்தார். படுக்கையில் சிகரெட் பிடிக்க மட்டும் விடாதீர்கள்.

பனஸ்வாடி பெரியவர்: எம்.எஸ். என் மகளுக்கு. நான் பால்கனியில்தான் பிடிக்கிறேன்.

பக்கத்தில் பிறர் விடும் புகையும் எம்.எஸ். வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது ஐயா. வீட்டில் இன்னொரு பிள்ளையும் இருக்கிறான். பால்கனிக் கதவு புகையைத் தடுக்காது.

ஒரு கல்லூரி மாணவர்: அக்கா, குட்கா, வேப் பரவாயில்லையா?

ஸ்வீடனில் ஈறுக்கடியில் வைக்கும் புகையிலையால் எம்.எஸ். வாய்ப்பு கூடவில்லை. அதனால் நிகோடினைவிட, நுரையீரலைப் புகை உறுத்துவதுதான் நோய் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டிவிடுகிறது என்று கருதுகிறார்கள். அதற்காகக் குட்கா போடாதே தம்பி, வாய்ப்புற்றுக்கு நேர்வழி அது. வேப் என்கிற இ-சிகரெட் 2019 முதல் நாடு முழுக்கத் தடை.

மர்ஃபி டவுன் அண்ணன்: விட்டா எரிச்சல், தூக்கமில்லை. அட்டாக்கோன்னு பயமா இருக்கு.

எரிச்சலும் தூக்கமின்மையும் முதல் வாரத்தில்தான் உச்சம் அண்ணா, மூன்று நான்கு வாரத்தில் தணியும். புதிதாக ஒரு பலவீனமோ பார்வை மங்கலோ வந்து, காய்ச்சலும் இல்லாமல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் நரம்பியல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். சிகரெட்டை விட உதவும் நிகோடின் கம் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். சூயிங்கம் மாதிரி மென்று தள்ளினால் விக்கல்தான் வரும். மெதுவாக மென்று, நாக்கில் காரம் ஏறியதும் கன்னத்தின் ஓரம் ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கினால் மறுபடி மெல்லுங்கள். தர்ஷினி ஓட்டலில் காபி குடித்த கையோடு போட்டால் சரியாக ஏறாது. கால் மணி நேரம் விடுங்கள். வலிப்பு வந்தவர்கள், சிகரெட்டை விடக் கொடுக்கும் புப்ரோபியான் மாத்திரையைத் தாங்களாக வாங்கக்கூடாது.

முதல் தம்பியே மறுபடி: உண்மையைச் சொல்றேன் மேடம். மூணு மாசம் விட்டுட்டு போன வாரம் ஒண்ணு பிடிச்சேன்.

அந்த மூன்று மாதம் எங்கேயும் போகவில்லை தம்பி. சட்டைப்பையில் இருக்கும் பாக்கெட்டை எடுங்கள். அதிலேயே 1800-11-2356 என்று புகையிலையை விட உதவும் எண் அச்சிட்டிருக்கும், கட்டணமில்லை. இங்கே நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையிலும் அதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. எண்ணைப் போனில் பதிந்துகொண்டு பாக்கெட்டை என்னிடம் கொடுங்கள்.

கொடுத்தார். ஏழு மீதி இருந்தது.