பி.எஸ்சி. படிப்புக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் நான்கு ஏக்கர் விவசாயம். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நீட் கைகொடுக்கவில்லை. தனியார் கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. பயோடெக்னாலஜி, ஆண்டுக்கு 80,000 ரூபாய் கேட்கிறார்கள். அரசுக் கல்லூரியில் விலங்கியலும் கிடைத்திருக்கிறது. மனைவியின் நகையை அடகு வைத்துத் தனியாரில் சேர்க்கலாமா?

பதில்: நகையை இப்போது தொடாதீர்கள். உயிரியல் பாடங்களில் பி.எஸ்சி.யோடு நின்றால் துறை சார்ந்த வேலை கிடைப்பது சிரமம். அடுத்து எம்.எஸ்சி.யோ பி.எட்.டோ வந்தே தீரும். ஆகவே மூன்று வருடத்துக்கு அல்ல, ஐந்து வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள். தனியாரில் மூன்று வருடக் கட்டணம் மட்டும் 2,40,000 ரூபாய். அரசுக் கல்லூரியில் இளநிலைக்குக் கற்பிப்புக் கட்டணமே இல்லை. மற்ற கட்டணங்கள் சில ஆயிரத்தில் முடிந்துவிடும். மிச்சமாகும் பணம் எம்.எஸ்சி.க்கு வேண்டும்.

நகைக்கடனை வருடத்துக்கு ஒருமுறை மீட்கவோ, வட்டி கட்டி மாற்றி வைக்கவோ வேண்டும். படிப்போ மூன்று வருடம் வரவு தராது. நடுவில் ஒரு நவம்பர் மழை சம்பாவை மூழ்கடித்தால் அவசரத்துக்கு வைக்க வேறு நகை இருக்காது. கடைமடைக்காரர் உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

அதற்காக அரசுக் கல்லூரியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவும் சொல்லவில்லை. கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் (NAAC) தரும் தரச்சான்று முழுக் கல்லூரிக்கும் உரியது, அதை வைத்து ஒரு துறையை எடைபோட முடியாது. மகளை அழைத்துக்கொண்டு, செய்முறை வகுப்பு நடக்கும் நாளாகப் பார்த்து இரண்டு கல்லூரிக்கும் போய் வாருங்கள். ஒரு மைக்ராஸ்கோப்பை எத்தனை பேர் சுற்றி நிற்கிறார்கள்? டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் கருவி ஓடுகிறதா, உறை போட்டுக் காட்சிக்கு இருக்கிறதா? நிரந்தரப் பேராசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர்? கடைசி வருட புராஜெக்ட்டை அங்கேயே செய்ய வைக்கிறார்களா, வெளி லேபில் தனியாகப் பணம் கட்டச் சொல்கிறார்களா? பிளேஸ்மென்ட் பலகையை விடுங்கள், அதில் பாதி கால் சென்டர் வேலையாக இருக்கும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கோ பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்துக்கோ எம்.எஸ்சி. படிக்க யாராவது போனார்களா என்று சீனியர் மாணவிகளிடம் கேளுங்கள். அவர்கள் உண்மையைச் சொல்வார்கள்.

ஆசிரியர் வேலை ஆசை இருந்தால் விலங்கியல்தான் நேர்வழி. பயோடெக்னாலஜி என்றால் பி.எட்.டுக்கும் ஆசிரியர் பணிக்கும் அந்தப் பட்டம் இணையாக ஏற்கப்படுமா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

எல்லாம் பார்த்தபின்னும் தனியார்தான் மேல் என்று தெரிந்தால், சரி, கல்விக்கடன் கேளுங்கள். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் வேண்டாம். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். நெல்லுப் பணம் வரும்போதெல்லாம் அந்த வட்டியை மட்டுமாவது கட்டிவிடுங்கள்.

அப்புறம், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததால், தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் உங்கள் மகளுக்கு உண்டு. சேர்ந்தவுடன் கல்லூரி மூலம் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கு அவள் பெயரில், ஆதாரோடு இணைந்து இருக்கட்டும்.