பிரிட்டிஷ் ராக் குழு ஓயசிஸின் 'தி மாஸ்டர்பிளான்' பி-சைடு (சிங்கிளோடு துணையாக வந்த பாட்டுகள்) தொகுப்பை விமர்சகர்கள் அவ்வளவு புகழ்ந்தது சரிதானா?

புகழ்ந்தது சரி. ஆனால் அந்தப் புகழ்ச்சியில் பாதி, அதற்கு முந்தைய ஆல்பத்தின் மேல் இருந்த கோபம்.

நான் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் கேசட் பதிவுக் கடையில் வேலை பார்த்தவன். ஆட்கள் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு வருவார்கள். 90 நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு 45 நிமிடம். லிஸ்ட் தீர்ந்த பிறகும் கடைசியில் நாலைந்து நிமிடம் மிஞ்சும். அதைச் சும்மா விட்டால் "என்னண்ணா, டேப்பை வேஸ்ட் பண்ணிட்டீங்க" என்பார்கள். அதனால் எனக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைச் செருகிவிடுவேன். அடுத்த வாரம் வந்து, "கடைசியா ஒரு பாட்டு வந்துச்சே, அது யாருது?" என்று அதைத்தான் கேட்பார்கள். லிஸ்டில் இருந்த பாட்டைப் பற்றிப் பேச்சே இருக்காது.

ஓயசிஸ் கதையும் கிட்டத்தட்ட இதுதான். அப்போது பிரிட்டனில் சிடி சிங்கிள் (ஒரு முக்கியப் பாட்டுக்காக விற்கும் சின்ன சிடி) போட்டால் கூடவே இரண்டு மூன்று பாட்டு தருவது வழக்கம். குழுவுக்குப் பாட்டு எழுதும் கிடார்காரர் நோயல் கேலகர் எழுதிக் குவித்துக்கொண்டிருந்த நேரம் அது. 'அக்வியெஸ்' 1995-இல் 'சம் மைட் ஸே'யின் பின்னால் வந்தது. குழுவின் பாடகரான தம்பி லியாம் சரணம் பாட, நோயல் பல்லவியைப் பிடிக்கும் பாட்டு (அண்ணன் தம்பி ஒத்துப்போனது பாட்டில் மட்டும்தான்). 'தி மாஸ்டர்பிளான்' என்ற பாட்டே 'வொண்டர்வாலு'க்குத் துணையாகப் போனது. இப்படி நல்ல பாட்டுகளைத் தூக்கிக் கொடுத்ததற்காக நோயல் பின்னாளில் வருத்தப்பட்டிருக்கிறார்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். 1997 ஆகஸ்டில் நான் சொன்ன அந்த முந்தைய ஆல்பம், 'பீ ஹியர் நவ்' வந்தது. பிரிட்டனின் கியூ இசைப் பத்திரிகை ஐந்துக்கு ஐந்து கொடுத்தது. மற்றவர்களும் ஏறக்குறைய அதே சுருதிதான். கொஞ்ச நாளில் போதை தெளிந்தது. ஒன்பது நிமிடத்துக்கு மேல் இழுக்கும் பாட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கிடார். புகழ்ந்தவர்களுக்கே கூச்சமாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து 1998 நவம்பரில் இந்தத் தொகுப்பு வருகிறது. இதில் உள்ள 14 பாட்டில் 12, 1994 அக்டோபரில் இருந்து 1996 பிப்ரவரிக்குள் வந்த சிங்கிள்களில் இருந்தவை. அதாவது அவர்களுடைய நல்ல காலத்துச் சரக்கு. மிச்சமே புது ஆல்பத்தைவிட நன்றாக இருக்கிறது என்று எழுதுவது விமர்சகர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. முந்தின வருடம் தாங்கள் போட்ட மார்க்கைத் திருத்திக்கொள்ள ஒரு வழியும் கிடைத்தது.

அதற்காக எல்லாமே தங்கம் இல்லை. 'ஸ்வாம்ப் சாங்' இடம் நிரப்பத்தான். பீட்டில்ஸின் 'ஐ ஆம் த வால்ரஸ்' பாட்டை மேடையில் பாடியது ஆறு நிமிடத்துக்கு மேல் போகிறது. நேரில் பார்த்தவர்களுக்கு அது பெரிதாக இருந்திருக்கும். ஆனால் 'டாக் டுநைட்' கேளுங்கள். 1994-இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவில் சண்டை போட்டுக்கொண்டு நோயல் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பிப் போய்விட்டார். அங்கே ஒருத்தி ஆறுதலாகப் பேசியதில் பிறந்த பாட்டு. சத்தம் போட்டே பெயர் வாங்கிய குழு இப்படித் தாழ்ந்த குரலிலும் பாடும் என்பது ஆல்பம் மட்டும் கேட்டவர்களுக்குத் தெரியாது. 'ஹாஃப் தி வேர்ல்ட் அவே'யும் அந்த ஜாதிதான்.

எனக்குள்ள ஒரே குறை, 'ரவுண்ட் ஆர் வே'யை விட்டுவிட்டார்கள். அதே 'வொண்டர்வால்' சிங்கிளில், பித்தளை வாத்தியம் முழங்க வரும் பாட்டு. சித்தூர்க் காலேஜ் பையன் ஒருவனுக்கு இந்தத் தொகுப்பைப் பதிந்து கொடுத்தேன். அறுபது நிமிட கேசட்டில் அடங்காததால் தொண்ணூறில் போட்டேன். துபாயில் இருந்து வந்த ஒருத்தரிடம் அந்த சிங்கிள் சிடி இருந்தது. இரவல் வாங்கி, மிச்ச இடத்தில் 'ரவுண்ட் ஆர் வே'யைச் சேர்த்தேன். அடுத்த வாரம் வந்தான், வழக்கமான கேள்வியோடு.