கையடக்கக் கமரா: மட்டக்களப்பு, அம்பாறைக் கேள்விகளும் பதில்களும்

லென்ஸ் கழற்ற முடியாத, பொக்கெட்டில் வைக்கக்கூடிய கமராக்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். எந்தக் கடையில் வாங்கலாம், என்ன விலை என்ற கேள்விகளை எடுக்கவில்லை. எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: மெனுவைத் திறந்து டிஜிட்டல் சூமை அணைத்துவிட்டு மற்றதைப் படியுங்கள். காரணம் கீழே வரும்.

கல்லடி, ஆசிரியை: விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகளை வெள்ளை உடுப்போடு வெயிலில் நிறுத்தி எடுத்தால் முகம் எல்லாம் கறுத்துப் போகுது. கமரா பழுதா சேர்?

பழுது இல்லை டீச்சர். கமரா எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துத்தான் வெளிச்சத்தை அளக்கும். சட்டத்தில் பாதி வெள்ளைச் சட்டை என்றால் "வெளிச்சம் கூடிப்போச்சு" என்று முடிவெடுத்துக் குறைத்துவிடும். சட்டை சாம்பலாகும், முகம் கறுக்கும். பாசிக்குடா மணலிலும் இதேதான் நடக்கும்.

மேலே இருக்கும் சில்லை ஓட்டோவில் இருந்து 'பி' (P) எழுத்துக்குத் திருப்புங்கள். ஓட்டோவில் பெரும்பாலான கமராக்கள் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருத்தத்தைச் செய்ய விடாது. பிறகு கூட்டல், கழித்தல் குறி போட்ட பொத்தானை அழுத்தி +0.7 வையுங்கள். ஒரு படம் எடுத்து, டிஸ்ப்ளே பொத்தானை அழுத்திப் பாருங்கள். வெள்ளைச் சட்டை கறுப்பாக மின்னி மின்னிக் காட்டினால் அந்த இடத்தில் விவரம் போய்விட்டது, +0.3க்கு இறக்குங்கள். மின்னாவிட்டால் +1 வரைக்கும் போகலாம்.

நடுப்பகல் வெயில் உச்சியில் இருந்து விழுவதால் கண்குழியில் நிழல் இருக்கும். அதை இந்தத் திருத்தம் நீக்காது. அதற்கு பிளாஷைக் கட்டாயமாக அடிக்க விடவேண்டும்: மின்னல் குறிக்குப் பக்கத்தில் எழுத்து எதுவும் இல்லாத தெரிவு. பிள்ளைகள் 2 மீற்றருக்குள் நிற்கவேண்டும். ஐம்பது பேர் வரிசையில் நின்றால் பின்வரிசைக்கு அது எட்டாது. குழுப்படம் என்றால் மரநிழலுக்குள் கொண்டுபோய் நிறுத்துவதுதான் சரியான வழி. வேலை முடிந்ததும் திருத்தத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர மறக்கவேண்டாம், நிறையக் கமராக்கள் அணைத்துப் போட்டாலும் அதை வைத்துக்கொண்டே இருக்கும்.

மருதமுனை: நானா, எத்தனை மெகாபிக்சல் இருந்தா நல்லம்?

6க்கு 4 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடிக்க 2.2 மெகாபிக்சல் போதும். ஏ4 தாளுக்கு 8.7. இப்போது பாவனையில் உள்ள பெரும்பாலான கமராக்களில் அதற்கு மேல்தான் இருக்கும்.

கொக்கட்டிச்சோலைப் பக்கம்: எங்கட ஊர்ல வடமோடிக் கூத்து விடியும் வரை நடக்கும். படம் எல்லாம் ஆட்டம் கண்டு வருது. பிளாஷ் போட்டா ஆடுறவரைத் தவிர ஒண்டும் தெரியுதில்ல. என்ன செட்டிங் வைக்கலாம் அண்ணன்?

நல்ல கேள்வி, விரிவாகச் சொல்கிறேன். முதலில் பிளாஷை அணையுங்கள். இந்தச் சின்ன பிளாஷ் 3, 4 மீற்றருக்கு மேல் எட்டாது. வட்டக்களரியில் நீங்கள் நிற்கும் இடத்தில் இருந்து அது முன்னால் இருப்பவரின் தலையைத்தான் வெளுக்கவைக்கும், உடுப்பில் உள்ள மினுக்கம் எல்லாம் திரும்பி அடிக்கும். ஆடுபவரின் கண்ணுக்கும் தொந்தரவு.

ஆட்டம் காண்பது இரண்டு வகை. உங்கள் கை நடுங்குவது ஒன்று, அதைக் கமராவின் நடுக்கத் தடுப்பு பார்த்துக்கொள்ளும். ஆடுபவர் நகர்வது மற்றது, அதற்கு சட்டர் வேகம், அதாவது படம் பதியும் நேரம், ஒன்றுதான் மருந்து. அந்த நேரத்தை நீங்களே வைக்கும் 'எஸ்' (S) அல்லது 'டிவி' (Tv) மோடில் வைத்து, தாளக்கட்டுக்குத் துள்ளி ஆடும்போது 1/250 செக்கன், நின்று பாடும்போது 1/100. இருட்டாக வந்தால் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது வெளிச்சத்தைக் கமரா உணரும் அளவை, ஏற்றுங்கள். விரல்நகம் அளவு சென்சர் (வெளிச்சத்தைப் பதியும் தகடு) உள்ள கமராவில் 1600 வரை, ஓரங்குலம் என்று சொல்லப்படும் சென்சரில் 3200 வரை. அதற்கு மேலே போனால் முகத்தில் உள்ள ஒப்பனைக் கோடுகள் சாயம் கரைந்தது போலாகிவிடும்.

சூம் இழுக்காதீர்கள். இது பலருக்குத் தெரியாது: முழு அகலத்தில் எஃப் 2.8 இருக்கும் லென்ஸ், சூம் இழுக்க இழுக்க எஃப் 5.6க்குக்கூட மூடிக்கொள்ளும் (எஃப் எண் கூடினால் லென்ஸின் வாய் சிறுக்கும்). அங்கேயே வெளிச்சத்தில் நாலில் மூன்று பங்கு போய்விட்டது. அகலத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் களரிக்கு அருகே போய் இருங்கள். ஒவ்வொரு ஆட்டச் சுற்றின் முடிவிலும் ஆடுபவர் ஒரு கணம் நிலைத்து நிற்பார், மத்தளத்தைக் கேட்டால் அது வரப்போவது முன்பே தெரியும். அங்கே அழுத்துங்கள்.

இன்னொரு சிக்கல் லைட். இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே டியூப் லைட்டும் மலிவான எல்.ஈ.டி.யும் செக்கனுக்கு 100 முறை மங்கி ஒளிரும். 1/250 வைத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்த படம் இருட்டாகவும் வரலாம். சத்தமில்லாத சட்டர் போட்டிருந்தால் படத்துக்குக் குறுக்கே கறுப்புப் பட்டையே விழும். அப்படி வந்தால் சத்தமில்லாத சட்டரை அணைத்துவிட்டு 1/100க்கு அல்லது 1/50க்கு இறங்குங்கள். வீடியோ எடுப்பவர்கள் மெனுவில் என்.டி.எஸ்.சி. (NTSC) வீடியோ முறையை மாற்றிப் 'பால்' (PAL) முறைக்கு, அதாவது செக்கனுக்கு 25 அல்லது 50 பிரேமுக்கு, வையுங்கள். பாதிப் பேரின் "வீடியோ துடிக்குது" முறைப்பாடு இதனால்தான்.

அக்கரைப்பற்று: 20 மெகாபிக்சலும் 12 மெகாபிக்சலும் என்ன வித்தியாசம்?

மருதமுனைக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

பொத்துவில்: அறுகம்பேயில அலைச்சறுக்கல் எடுத்துக்கொண்டு நிக்கக்குள்ள லென்ஸ் வெளிய வந்த மாதிரியே நிண்டுட்டுது. "லென்ஸ் எரர்" எண்டு காட்டுது. தள்ளிப் பாக்கவா?

தள்ளவே வேண்டாம் தம்பி. லென்ஸ் குழாய்களின் இடுக்கில் மணல் போயிருக்கிறது. தள்ளினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பற்சில்லு உடையும், அதற்குப் பிறகு லென்ஸ் முழுவதையும் மாற்றத்தான் வேண்டும்.

பற்றரியைக் கழற்றி முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள், சக்தி குறைந்த பற்றரியாலும் இதே செய்தி வரும். கமராவை லென்ஸ் கீழே பார்க்கப் பிடித்து, ரப்பர் ஊதியால் குழாயைச் சுற்றி ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் போகும். மெல்லிய கடதாசி ஓரத்தை இடுக்கில் விட்டு ஒரு சுற்றுச் சுற்றலாம். பிறகு இயக்கிப் பாருங்கள். நாலைந்து தரம் முயன்றும் வராவிட்டால் திருத்துபவரிடம் கொடுங்கள். எண்ணெய் ஸ்ப்ரே எதுவும் அடிக்கவேண்டாம், அது கண்ணாடிக்குப் படரும்.

எல்லாருக்கும்: கடற்கரையில் லென்ஸை நீட்டியபடி நடக்காதீர்கள். எடுங்கள், அணையுங்கள், பையில் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடம்பைத் துடையுங்கள். உப்பு காய்ந்தால் பொத்தான்கள் இறுகும்.

வாழைச்சேனை: லென்ஸுக்குள்ள வெள்ளை நூல் மாதிரி ஒண்டு படருது. அரிசிப் பேணிக்குள்ள வெச்சா போகுமா?

அது பூஞ்சணம். உள்ளே பிடித்துவிட்டால் பிரித்துத் துடைக்காமல் போகாது. அரிசி ஈரத்தை மிகக் குறைவாகவே இழுக்கும், அதன் மாவுத் தூள் பொத்தான் இடுக்கெல்லாம் போகும். காற்றுப் புகாத, ஓரத்தில் ரப்பர் வைத்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்றும், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் கொஞ்சமும், சின்ன ஈரப்பத மானி ஒன்றும் வாங்குங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 வீதத்துக்குள் நிற்கவேண்டும். ஜெல் நிறம் மாறினால் சட்டியில் மெல்லிய சூட்டில் பழைய நிறம் திரும்பும் வரை காயவையுங்கள். தோல் உறையில் போட்டு அலுமாரிக்குள் வைப்பதுதான் பூஞ்சணத்துக்குப் பிடித்த இடம். மாரி மழைக் காலத்தில், கார்த்திகை முதல் தை வரை, பெட்டிக்கு வெளியே வைக்கவே வேண்டாம்.

சம்மாந்துறை: இங்கினியாகலையில வள்ளத்தில போய் யானை எடுக்கணும். 30 மடங்கு சூம் உள்ளது நல்லமா, ஓரங்குலச் சென்சர் உள்ளது நல்லமா?

சேனாநாயக்க சமுத்திரத்தில் யானை என்றால் தூரத்துப் படம். 30 மடங்கை எடுங்கள். சட்டர் 1/1000, ஐ.எஸ்.ஓ. ஓட்டோ, மேல் வரம்பு 800. நடுக்கத் தடுப்பு உங்கள் கையைப் பார்த்துக்கொள்ளும், வள்ளம் ஆடுவதை முழுதாகப் பார்த்துக்கொள்ளாது. என்ஜினை நிறுத்தச் சொல்லி எடுங்கள். வெயில் ஏறினால் தண்ணீர் மேல் காற்று அலையும், 9 மணிக்குப் பிறகு எந்த லென்ஸும் அதைத் தெளிவாக்காது.

கல்முனை: இதை ஏற்க மாட்டேன். பெரிய சென்சர் எப்பவும் நல்லது. எடுத்துப்போட்டு வெட்டிக்கொள்ளலாம்.

"எப்பவும்" என்பதுதான் பிழை. கணக்காகவே பார்ப்போம். சோனி ஆர்.எக்ஸ்.100 ஆறாவது மாடல்: 20 மெகாபிக்சல், ஓரங்குலம், 200 மி.மீ. சமானம் (35 மி.மீ. ஃபிலிம் கமராக் கணக்கில்) வரை சூம். பானசோனிக் டி.இசட்.80: சின்னச் சென்சர், 720 மி.மீ. சமானம். சோனிப் படத்தை 720க்குச் சமமாக வெட்டவேண்டும் என்றால் நீளத்தில் 3.6 மடங்கு, பரப்பில் 13 மடங்கு வெட்டவேண்டும். மிஞ்சுவது ஒன்றரை மெகாபிக்சல்.

கல்முனை: ஒரு புள்ளியின் தரம் எண்டு ஒண்டு இருக்கு. சின்னச் சென்சர்ல வெளிச்சம் எங்க வருது?

வெளிச்சம் சென்சரில் இருந்து வருவதில்லை, லென்ஸின் வாய்க்குள்ளால் வருகிறது. சமானத்தை விட்டு, லென்ஸின் உண்மையான குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் வாயின் விட்டம். சோனி உச்சச் சூமில் 72 வகுத்தல் 4.5, அது 16 மி.மீ. பானசோனிக் 129 வகுத்தல் 6.4, அது 20 மி.மீ. அதே யானையில் இருந்து, அதே சட்டர் வேகத்தில், பானசோனிக்குக்குள் போகும் வெளிச்சம் ஒன்றரை மடங்குக்கு மேல்.

சம்மாந்துறை: அப்ப ஓரங்குலத்துக்கு என்னத்துக்கு அவ்வளவு காசு?

அகலத்தில் பாருங்கள். சோனி 9 வகுத்தல் 2.8, விட்டம் 3.2 மி.மீ. பானசோனிக் 4.3 வகுத்தல் 3.3, விட்டம் 1.3 மி.மீ. வெளிச்சம் ஆறு மடங்கு. கூத்துக் களரி, கல்யாண வீடு, இரவுத் திருவிழா எல்லாம் இந்த முனையில்தான் எடுக்கிறோம். அங்கே கல்முனைத் தம்பி சொன்னது முழுச் சரி. எதை எடுக்கப்போகிறோம் என்று தெரியாமல் எது நல்லது என்று சொல்லமுடியாது.

நிந்தவூர்: ஓரங்குலத்தை வாங்கிப்போட்டு டிஜிட்டல் சூம் போட்டா ரெண்டும் கிடைக்குமே?

கிடைக்காது. டிஜிட்டல் சூம் என்பது கமராவே படத்தை வெட்டி, குறைந்த புள்ளிகளை இழுத்துப் பெருப்பிப்பது. வீட்டில் கணினியில் வெட்டினால் எவ்வளவு வெட்டுவது என்று நீங்கள் முடிவெடுக்கலாம், கமரா வெட்டினால் மற்றப் பகுதி திரும்பி வராது. அணைத்துவிடுங்கள் என்று முதலிலேயே கேட்டேன்.

ஏறாவூர்: நானா, மெகாபிக்சல் கூடினா தெளிவு கூடும்தானே?

இது மூன்றாவது முறை. இனி இந்தக் கேள்வியை எடுக்கமாட்டேன்.

பாண்டிருப்பு: தீமிதிப்பு எடுக்கிறன். நான் அழுத்துற நேரத்துக்கும் படம் விழுற நேரத்துக்கும் இடையில ஆள் போயிடுறார். தணலும் வெள்ளையா வருது.

தாமதத்தின் பெரும்பகுதி கமரா குவியம் தேடும் நேரம். குழியின் ஓரத்தில் ஆள் கால் வைக்கப்போகும் இடத்தைக் குறிவைத்து பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்திருங்கள். பச்சைக் கட்டம் வரும். கால் வந்ததும் மீதியை அழுத்துங்கள், உடனே விழும். அடுத்தவர் வரிசையில் வந்துகொண்டே இருப்பார், ஒரு தரம் தவறினால் பரவாயில்லை. தணலுக்கு −0.7, தேவையானால் −1. வைட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) ஓட்டோவில் விடவேண்டாம், சூரியன் குறிக்கு மாற்றுங்கள். ஓட்டோ அந்தச் செம்மஞ்சளைப் பிழை என்று நினைத்துக் கழுவிவிடும். பிளாஷ் வேண்டாம், மிதிப்பவருக்கு நடக்கும் பாதை தெரியவேண்டும்.

காரைதீவு: பழைய கமரா. புது 64 ஜி.பி. கார்ட் போட்டா "கார்ட் பிழை" எண்டு வருது.

கார்டில் பல தலைமுறை. வெறும் எஸ்.டி. 2 ஜி.பி. வரை, எஸ்.டி.எச்.சி. 32 வரை, அதற்கு மேல் எஸ்.டி.எக்ஸ்.சி. பழைய கமராவுக்குக் கடைசி வகை தெரியாது. கமராவின் வாய்ப்பக்கம் எஸ்.டி.எச்.சி. என்று எழுதியிருந்தால் 16 அல்லது 32 வாங்குங்கள், வெறும் எஸ்.டி. மட்டும் என்றால் 2. போட்டதும் கமராவிலேயே ஃபோர்மட் பண்ணுங்கள், கணினியில் வேண்டாம். சிவப்பு லைட் எரியும்போது கார்டைக் கழற்றவும் வேண்டாம்.

கல்லடி, மாணவன்: பௌர்ணமிக்குப் பாலத்தடியில பாடுமீன் கேக்கப் போறம். பாலத்தையும் நிலவையும் ஒண்டா எடுக்கலாமா?

நல்ல இருட்டில் முடியாது. நிலவு வெயில் படும் கல், அதற்கு ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 5.6, 1/250. பாலத்துக்கு அதே ஐ.எஸ்.ஓ.வில் பல செக்கன் வேண்டும். போயாவுக்கு முதல் நாள் பின்னேரம் போங்கள். அன்று சூரியன் இறங்கும்போதே நிலவு மேலே நிற்கும், வானத்தில் மிச்சம் இருக்கும் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே படத்தில் பிடிபடும். அரை மணித்தியாலத்துக்குள் எடுத்து முடியுங்கள். பாலம் தனியாக வேண்டுமென்றால் கமராவைக் கைப்பிடிச் சுவரில் வைக்காதீர்கள், வாகனம் போகும்போது அதிரும். கரையில் ட்ரைபொட் போட்டு, நடுக்கத் தடுப்பை அணைத்து, 2 செக்கன் டைமரில், 8 செக்கன்.

ஆரையம்பதி: படத்தில திகதி பிழையா விழுது.

பற்றரியைக் கழற்றி வைத்திருந்திருப்பீர்கள். பல கமராக்களில் உள்ளே இருக்கும் சின்ன மின்கலம்தான் மணிக்கூட்டை ஓட்டுகிறது, அது பெரிய பற்றரியில் இருந்து சார்ஜ் ஏறும். முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பற்றரியை ஒரு நாள் உள்ளேயே விட்டு, பிறகு திகதியைத் திருத்துங்கள். படத்தின் மேல் திகதி அச்சடிக்கும் தெரிவையும் அணையுங்கள். கோப்புக்குள் திகதி எப்படியும் பதியும், படத்தில் விழுந்த மஞ்சள் எழுத்தை எடுக்கமுடியாது.

காத்தான்குடி: நானா, போன் கமராவுக்கு நல்ல செட்டிங் என்ன?

போன் இங்கே இல்லை தம்பி.

களுவாஞ்சிகுடி: பாசிக்குடாவில முகமூடி போட்டுத் தண்ணிக்குள்ள எடுக்கலாமா? கமராவில 15 மீற்றர் ஆழம் வரைக்கும் தண்ணி போகாது எண்டு போட்டிருக்கு.

எடுக்கலாம். பற்றரி மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமயிர் இருந்தாலும் தண்ணீர் புகும், மூடுமுன் வெளிச்சத்தில் பாருங்கள். வெளியே வந்ததும் மூடியைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, துடைத்து, நிழலில் காயவைத்த பிறகுதான் திறக்கவேண்டும். ரப்பர் வளையம் பழசானால் அந்த 15 மீற்றருக்கு உத்தரவாதம் இல்லை.