பகுதிநேரச் சிப்பாய் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 24 வயது. எலக்ட்ரீஷியன் பயிற்சி முடித்து மூன்று வருடமாக ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறேன். பள்ளி நாட்களிலிருந்தே ராணுவத்தில் சேர ஆசை. தினமும் விடிகாலையில் ஓடுகிறேன். முதுகில் பாரம் கட்டி நடந்து பழகுகிறேன். பத்துப் பேரோடு ஒரே கூடாரத்தில் படுத்தெழுந்து, சொன்ன வேலையை முடிக்கிற அந்த வாழ்க்கையைப் பற்றித்தான் எப்போதும் யோசனை. ஆனால் அக்காவுக்குக் கல்யாணமான பிறகு வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அக்காவின் கணவரோடு சேர்ந்து ஒர்க்‌ஷாப் போடும் திட்டமும் இருக்கிறது. நண்பர்கள், “பகுதிநேரமாகச் சேர்ந்துவிடு, இரண்டும் கையில் இருக்கும்” என்கிறார்கள். “மாதத்துக்கு ஒரு சனி, ஞாயிறுதானே” என்று அம்மாவுக்கும் நிம்மதி. எனக்குத்தான் முடிவெடுக்க முடியவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எந்த நாட்டுப் படை என்று நீங்கள் எழுதவில்லை. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் சில நாடுகளின் நடைமுறையை உதாரணத்துக்குச் சொல்கிறேன். கையெழுத்துப் போடும் முன் உங்கள் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துவிடுங்கள்.

என் அண்ணன் பதினேழு வருடம் முழுநேரச் சிப்பாய். நெருங்கிய நண்பர் ஒருவர் பன்னிரண்டு வருடம் பகுதிநேரச் சிப்பாய். வாரநாட்களில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதினார். இரண்டு வாழ்க்கையையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன் என்பதால்தான் உங்களுக்குப் பதில் எழுதத் துணிகிறேன்.

அம்மா சொல்கிற அந்தச் சனி, ஞாயிறு கணக்கு தவறில்லை. அமெரிக்காவின் தேசியக் காவல்படையில் மாதம் ஒரு வாரஇறுதி, வருடத்துக்கு இரண்டு வாரம் என்றுதான் சொல்லிச் சேர்க்கிறார்கள். பிரிட்டனின் பகுதிநேரப் படையான ரிசர்வில் பல யூனிட்டுகளுக்கு வருடத்துக்கு 27 நாள். ஆனால் அந்த நிலைக்கு வருவதற்கு முன்னால் ஒரு காலம் இருக்கிறது. அமெரிக்கத் தரைப்படையில் முழுநேர ஆளுக்கு என்ன அடிப்படைப் பயிற்சியோ, அதே பத்து வாரம்தான் பகுதிநேர ஆளுக்கும். அதன்பின் அவரவர் பிரிவுக்கான தொழிற்பயிற்சி, அது மாதக்கணக்கில் போகலாம். அங்கே முதல் தடவை சேர்கிறவரின் மொத்தக் கடமைக்காலம் எட்டு வருடம். அதில் எவ்வளவு காலம் சீருடையில், எவ்வளவு காலம் பெயர் மட்டும் பட்டியலில் என்பதை ஒப்பந்தம் சொல்லும்.

அப்புறம், கூப்பிட்டால் போக வேண்டும். இதைத்தான் உங்கள் நண்பர்கள் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். இந்தியாவின் பிராந்திய ராணுவம் 1949-இல் தொடங்கப்பட்டது. வேறு வேலையில் இருப்பவர்கள் வருடத்தில் சில வாரம் பயிற்சிக்கு வந்து போகிற படை அது. 1962, 1965, 1971 என்று மூன்று போர்களிலும் அதன் யூனிட்டுகள் பணியாற்றின. கல்லூரிச் செலவுக்கு உதவும் என்று தேசியக் காவல்படையில் சேர்ந்த அமெரிக்க இளைஞர்கள் எத்தனையோ பேர், 2003-க்குப் பிறகு ஈராக்கில் கான்வாய் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

என் நண்பருக்கும் அந்தக் கடிதம் வந்தது. பத்து மாதம். அதுவரை நான் பார்த்தது அவருடைய ஞாயிற்றுக்கிழமை இரவுகளைத்தான். சேறு காய்ந்த பூட்ஸோடு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார், குனிய முடியாது. அவருடைய மகள் எதிரே சம்மணமிட்டு, ஈரத்தில் இறுகிப்போன லேஸை நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்ப்பாள். மறுநாள் எட்டரைக்கு மனிதர் இஸ்திரி போட்ட சட்டையில் அலுவலகத்தில் இருப்பார். அந்தப் பத்து மாதம்தான் எனக்கு வேறொன்றைக் காட்டியது.

என் அண்ணன் எல்லைக்குப் போனபோது அண்ணி குவார்ட்டர்ஸில் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரரும் அதே யூனிட். அந்த அம்மாவுக்கும் அதே கவலை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று அண்ணி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நண்பரின் மனைவி சாதாரணத் தெருவில், சாதாரண வீட்டில் இருந்தார். சுற்றிலும் நல்லவர்கள்தான், ஆனால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. “இன்னும் வரலையா? ரெண்டு வாரம்தானே சொன்னாங்க?” என்று கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விளக்கி விளக்கி அவர் சோர்ந்துபோனார்.

நண்பர் திரும்பி வந்தார். ஒன்பதாம் நாள் அலுவலகம். அவரை அன்று மதியம் பார்க்கப் போனேன். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரையில் ஒரே வரியைப் பார்த்தபடி இருந்தார். “எல்லாரும் நேத்து பார்த்த மாதிரியே பேசறாங்க” என்றார். அண்ணனுக்கு அந்த நிலைமை வரவில்லை. திரும்பி வந்தபோது அவரைச் சுற்றி இருந்தவர்களும் போய் வந்தவர்கள்தான். முழுநேரத்துக்கும் பகுதிநேரத்துக்கும் நான் கண்ட பெரிய வித்தியாசம் இதுதான். நாள் கணக்கெல்லாம் எனக்கு அதற்குப் பிறகுதான்.

உங்கள் ஒர்க்‌ஷாப் விஷயத்துக்கு வருகிறேன். அழைப்பின் பேரில் போனவருக்குப் பழைய வேலையைத் திரும்பத் தர வேண்டும் என்று சில நாடுகளில் சட்டமே உண்டு. அமெரிக்காவில் 1994-இல் அப்படி ஒன்று வந்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கு. சொந்தக் கடை வைத்தவருக்கு வாடிக்கையாளரை எந்தச் சட்டமும் திருப்பித் தராது. பத்து மாதம் நீங்கள் இல்லாவிட்டால் அக்காவின் கணவர் தனியாக என்ன செய்வார்? அவரிடம் இதைக் கேட்டீர்களா?

இன்னொன்று. பகுதிநேரம் என்றால் பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள யூனிட்டில்தான் சேர முடியும். அங்கே இருப்பது காலாட்படை மட்டும் என்றால், உங்கள் எலக்ட்ரிகல் அனுபவத்துக்கு அங்கே பெரிய வேலை இருக்காது. முழுநேரத்தில் பொறியாளர் பிரிவு, சிக்னல்ஸ் (தகவல்தொடர்புப் பிரிவு) என்று தேர்வுக்கு இடம் அதிகம். பதிலுக்கு, அவர்கள் அனுப்பும் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும். பென்ஷனிலும் வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் முழுநேரமாக 20 வருடம் முடித்தவருக்கு உடனே கிடைக்கும். ரிசர்வில் 20 வருடம் முடித்தவர் பொதுவாக 60 வயது வரை காத்திருக்க வேண்டும். 24 வயதில் அதைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஓட்டம், பாரம், கூடாரம் என்று எழுதிய இடத்தில் உங்கள் குரலே வேறு. ஒர்க்‌ஷாப்புக்கு ஒரே வரி. ஆகவே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: முழுநேரமாகச் சேருங்கள், உங்கள் படையில் இருப்பதிலேயே குறைந்த ஒப்பந்தக் காலத்துக்கு. முடிந்ததும் வெளியே வந்து ரிசர்வில் தொடர்கிறவர்கள் பல நாடுகளில் உண்டு. கற்ற தொழிலோடு வருவதால் அவர்களுக்கு மதிப்பும் உண்டு. ஒர்க்‌ஷாப்பை அப்போதும் போடலாம். முப்பது வயதில், குடும்பமும் கடனும் வந்தபிறகு முழுநேரத்துக்குப் போவது கஷ்டம். பல படைகளில் வயது வரம்பும் குறுக்கே வரும்.

அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை, அவரைப் பார்த்துக்கொள்ள வேறு யாருமே இல்லை என்றால் நான் சொன்னதை விட்டுவிடுங்கள். அப்போது பகுதிநேரம்கூட இப்போதைக்கு வேண்டாம் என்பேன். அப்படி இல்லை என்றால், இன்றைக்கே அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சனி, ஞாயிறுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.